இறக்கிவைக்கக் கூடியது

பதினொரு மாதம் காற்றை எழுதினேன்,
மீன் கடன் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி.
ரியாம்பெல், மொட்டைமாடி, துணிக்கொடிக் கம்பி.
பக்கத்தில் ஒரு குழாய், அதன் நுனியில்
மூன்று கிண்ணங்கள் சுற்றும் சிறு கருவி.
காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு ஒன்பது.
ஜூலையில் எட்டு, ஒன்பது. ஒருநாள் பதின்மூன்று;
அன்று தலையணை உறை ஒன்று
சவுக்குத்தோப்புக்குள் போனது, இன்னும் வரவில்லை.
பிப்ரவரியில் இரண்டு. ஒன்றரை.
சில நாள் வெறும் கோடு.

ஃபீனிக்ஸ் கடையில் பையனின் பெயர் கெர்வின்.
அவன் காட்டிய முதலாவது
முட்டை அடிக்கும் கம்பிபோல நின்றவாக்கில் சுற்றுவது.
அழகு. சத்தமே இல்லை. எந்தத் திசைக் காற்றும் சரி.
கூரையில் பதித்துவிட்டால் இறக்க முடியாது என்றும் சொன்னான்,
அதையும் ஒரு பெருமையாக.

இரண்டாவதற்கு ஐந்து இறக்கை, இரண்டாயிரம் வாட்.
"எந்தக் காற்றில்?" என்றேன்.
தாளைப் புரட்டினான். பன்னிரண்டில்.
என் நோட்டில் பன்னிரண்டைத் தாண்டியது
அந்தத் தலையணை உறை நாள் மட்டும்தான்.
ஆறு வீசினால் பாதி வருமா என்றால், வராது:
பாதிக் காற்றுக்கு எட்டில் ஒரு பங்கு.
கப்பலிலிருந்து மருதமுத்து பாதிச் சம்பளம் அனுப்பிய மாதங்களில்
வீட்டில் எட்டில் ஒரு பங்குதான் நடந்தது.
இந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள், சரி.
காற்று நம்மையே தூற்ற வரும்போது என்ன செய்ய?
பழமொழி களத்துமேட்டோடு நின்றுவிட்டது.

மூன்றாவது சின்னது. ஆயிரம் வாட், மூன்று இறக்கை,
ஒன்பது மீட்டர் கம்பம், அடியில் ஒரு கீல்,
கையால் சுற்றும் வின்ச்.
வழிகாட்டிப் படத்தில் தலைக்கவசம் போட்ட இரண்டு ஆண்கள்.
"உங்கள் வீட்டில் யார் யார்?" என்றான் கெர்வின்.
புயல் மாதங்களில் மருதமுத்து கடலில்.
மகனுக்கு ஏழு வயது, திருகாணி பொறுக்குவான்.
"நான்" என்றேன், கைப்பையைக் கீழே வைத்துவிட்டு.

கடைக்குப் பின்னால் இருந்த மாதிரிக் கம்பத்தை
நானே இறக்கினேன். இருநூற்றுப் பதினாறு சுற்று.
பதினேழு நிமிடம். உள்ளங்கையில் ஒரு கொப்புளம்.
ஏற்றவும் வேண்டுமே என்று நினைவூட்டினான்.
ஏற்றினேன். அதற்கு இருபத்தாறு.
விலையைப் பிறகுதான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து முற்றத்தில் ஒன்பது மீட்டர் அளந்தால்
ஏழாவதில் மதில் வந்துவிட்டது.
கடல் பக்கம் சாய்த்தால் தண்ணீர்த்தொட்டி,
சாலைப் பக்கம் மின்கம்பி.
மிச்சம் இரண்டு மீட்டர்
மதாம் லாபோர்த்தின் கோழிக்கூட்டுக்கு மேல்.
நாய் விஷயத்துக்குப் பிறகு
நாங்கள் பேசி இரண்டு வருடம்.

எந்தக் கம்பெனித் தாளிலும் இது இல்லை:
காற்றாலைக்கு
நிற்க ஓர் இடம் போதாது,
படுக்கவும் ஓர் இடம் வேண்டும்.

இரண்டு கிலோ மீனோடு போனேன்.
மீனைப் பார்த்தார், என் கொப்புளத்தைப் பார்த்தார்,
சத்தம் வருமா என்றார். வரும் என்றேன்.
கொஞ்ச நேரம் கோழிகள் மட்டும் பேசின.
பிறகு, மதிலில் ஓர் ஆள் அகலம் இடித்துக்கொள்,
கூட்டை நான் நகர்த்துகிறேன்,
ஒரு வயர் மட்டும் என் சமையலறைக்கு, என்றார்.

ஜனவரியில் வானொலி இரண்டாம் எச்சரிக்கையைச் சொன்னபோது
இந்தப் பக்கம் நான் சுற்றினேன்.
அந்தப் பக்கம் அவர் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார்,
வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்பவர்போல.
மூன்று இறக்கைகளையும் பழைய போர்வையில் கட்டினோம்.
மாடிக் கருவியையும் கழற்றி உள்ளே வைத்தேன்.

இரவு ஒன்பதுக்குப் பழக்கத்தில் நோட்டை விரித்தேன்.
ஓட்டின் மேல் என்னென்னவோ ஓடிக்கொண்டிருந்தது.
பேனாவை வைத்து எடுத்த இடத்தில்
ஒரு புள்ளி மட்டும்.